அணியும் அடித்தளமும்

ஊர்தியை அணிசெய்து மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. சங்க காலத் தேர்களில் மணிகள் ஒலித்தன. ஆயினும் அகநானூற்றின் 4ஆம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூஞ்சோலையில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்றஞ்சி, தன் தேர்மணிகளின் நாவை ஒலியாதவாறு கட்டிவிட்டு வருகின்றான். மணி தேருக்கு அணி. அச்சும் ஆழியும் அதற்கு அடித்தளம். மணியை அடக்கினாலும் தேர் ஓடும். அச்சு முறிந்தால் எத்தனை மணி ஒலித்தும் பயனில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்து பொருள் வாங்குவோர் எக்காலத்தும் சிலரே. எளிய விலையில் விற்கப்பட்ட விரைவுச் சிறுமகிழுந்துகளின் அரை நூற்றாண்டு வரலாறு, இவ்வேறுபாட்டை மக்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம்.

செங்கல்லும் தண்டவாளமும்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே அடித்தளத்தைக் குறிக்கும் பெயராகும். 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் கோலாலம்பூர் பேரழிவுற்றது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட கடைவீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே நகரம் எழவேண்டும் என்ற நிலை பிறந்தது. அதற்கான செங்கல் சூளைகள் நிறைந்திருந்த இடமே பிற்காலத்தில் அப்பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. நாளடைவில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் பல இங்கே வேரூன்றின. அவர்களுக்கு இரயிலும் பேருந்தும் மிதிவண்டியுமே ஊர்தி. சொந்த மகிழுந்து என்பது பலருக்கும் எட்டாக் கனி.

அக்கனி கைக்கெட்டிய காலம் 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஷா ஆலாமில் எழுந்த புரோட்டோன் தொழிற்சாலையின் முதல் வண்டியாகிய சாகா அன்று வெளியீடு கண்டது. 1994இல் பெரோடுவா நிறுவனம் ரவாங்கில் உருவாக்கிய 660 சிசி கஞ்சில் வந்தது. கஞ்சில் என்பது மலாய் மொழியில் சருகுமானைக் குறிக்கும் சொல். சருகுமானைப் போலவே அச்சிறுவண்டியும் நகரச் சந்துகளில் எளிதாக நுழைந்து சென்றது. ஆசிரியரும் எழுத்தரும் சிறுவணிகரும் தவணை முறையில் மகிழுந்து வாங்கும் காலம் பரவலாயிற்று. வாங்கிய வண்டியை ஆலயத்து வாசலில் நிறுத்தி, மாலை சாத்தி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் காட்சியும், முகப்புப் பலகையில் பிள்ளையாரையோ முருகனையோ அமர்த்தும் வழக்கமும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பழகிப்போயின.

விரைவுச் சிறுமகிழுந்தின் தோற்றம்

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் எளிய சிறுவண்டியில் ஆற்றல் மிக்க இயந்திரத்தையும் உறுதியான சக்கரத் தாங்கிகளையும் பொருத்தினால், அது விரைவுச் சிறுமகிழுந்தாகின்றது. இதனை மேலை நாட்டார் ‘ஹாட் ஹேட்ச்’ என்பர். இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கோல்ப் ஜிடிஐ ஆகும். 1975இல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டப்பெற்று, 1976இல் அது விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இயந்திரம், 110 குதிரைத்திறன். 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்று எண்ணித் தொடங்கிய நிறுவனம், முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உருவாக்கியது.

அவ்வண்டியின் உட்புறம் ஈண்டு நோக்கத்தக்கது. அதில் தோலிருக்கை இல்லை. மரப்பலகை ஒப்பனை இல்லை. குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்னும் பெண் வடிவமைப்பாளர், இருக்கைகளுக்குக் கட்டம் போட்ட துணியையும், கியர்த் தண்டின் தலைக்குக் கோல்ப் பந்து வடிவத்தையும் தேர்ந்தளித்தார். இரண்டும் செலவு குறைந்தவை. ஆனால் அவ்விருக்கை, வளைவுகளில் ஓட்டுநரின் உடலை இறுகப் பற்றியது. அந்தப் பந்து உள்ளங்கையில் ஒழுங்காக அமர்ந்தது. உட்புறத் தரம் என்பது விலையுயர்ந்த பொருளன்று. பயனறிந்து செய்த பொருளே என்பதை அச்சிறுவண்டி உலகிற்கு உணர்த்தியது.

சத்ரியா

மலேசியாவில் இவ்வகையின் பெயர் சொல்லும் வண்டி புரோட்டோன் சத்ரியா ஆகும். மிட்சுபிஷியின் அமைப்பைத் தழுவி 1994இல் வந்த இம்மூன்று கதவு வண்டியின் பெயர், சத்திரியன் என்னும் வடசொல் மலாய் மொழியில் போர்வீரனைக் குறித்து வழங்கிய வடிவமாகும். 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. அதன் பயனாக, 1990களின் இறுதியில் லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்த தாங்கிகளுடன் சத்ரியா ஜிடிஐ வெளிவந்தது. 1.8 லிட்டர் இயந்திரமும் ஏறத்தாழ 140 குதிரைத்திறனும் கொண்ட அவ்வண்டி, இறக்குமதி வரியாலும் கலால் வரியாலும் கைக்கெட்டாமல் நின்ற அயல்நாட்டு வண்டிகளைக் கனவு கண்ட இளைஞர்களுக்கு வாய்த்த உள்நாட்டு விடையாக அமைந்தது.

ஜிடிஐயின் புறத்தே தடித்த ஒப்பனைத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. 2004இல் பந்தயம், ரேலி, ஆராய்ச்சி என்னும் மூன்றையும் குறிக்கும் ஆர்3 பிரிவினர், 150 வண்டிகள் மட்டுமே கொண்ட சத்ரியா ஆர்3ஐ உருவாக்கியபோது அத்தகடுகளைக் கழற்றிவிட்டனர். உடற்கூட்டின் பற்றவைப்புகளை இரட்டிப்பாக்கி உறுதிசெய்தனர். ஓட்டுநரைப் பற்றிப் பிடிக்கும் ரெக்காரோ இருக்கைகளைப் பொருத்தினர். கண்ணுக்குத் தெரிந்த அணி குறைந்தது. கண்ணுக்குத் தெரியாத அடித்தளம் வலுப்பெற்றது. மணி நாவைக் கட்டிய தலைவனின் நெறி இதுவேயன்றோ! ஆனால் கடைத்தெருவில் நேர்ந்ததோ இதற்கு மாறானது. ஜிடிஐயின் தகடுகளை ஒத்த போலித் தகடுகளை வாங்கி, 1.3 லிட்டர் வண்டியில் ஒட்டி மகிழ்ந்தவர் பலர். அவற்றால் வண்டியின் எடை கூடியதே தவிர ஆற்றல் கூடவில்லை.

கூடுதல் வசதியின் கணக்கு

கூடுதல் வசதிகளைத் தனித்தனியே விற்பதற்குக் காரணம் உண்டு. விளம்பரத்தில் அச்சிடும் தொடக்க விலை குறைவாயிருந்தால் வாங்குவோர் உள்ளே வருவர். வந்தபின் சேர்க்கும் ஒவ்வொரு பொருளிலும் விற்பவர்க்கு ஆதாயம் மிகுதி. ஐரோப்பிய நிறுவனங்கள் நீண்ட பட்டியலைத் தந்து, வேண்டியதை வாங்குவோரே தேர்ந்துகொள்ளச் செய்தன. தொலைவிலுள்ள நாடுகளுக்குக் கப்பலில் வண்டி அனுப்பிய ஜப்பானியருக்கு அம்முறை ஒத்துவரவில்லை. ஆகவே வசதிகளைக் கட்டுகட்டாகச் சேர்த்துச் சில வகைகளாகப் பிரித்து விற்றனர். ஜப்பானிய நுட்பத்தைத் தழுவிய மலேசிய நிறுவனங்களும் அம்முறையையே மேற்கொண்டன. இதனால் ஒரு சிக்கல் நேர்ந்தது. உயிர் காக்கும் பொருளும் ஒப்பனைப் பொருளும் ஒரே கட்டில் கலந்தன. காற்றுப்பை வேண்டுமென்றால் பளபளக்கும் சக்கரத்தையும் சேர்த்தே வாங்கவேண்டும். அதற்குப் பணமில்லையென்றால் காற்றுப்பையும் இல்லை.

மாணவர்க்கு விளங்க ஒரு கணக்கு: 3,000 ரிங்கிட் பெறும் ஒப்பனைக் கட்டு ஒன்றை வண்டி விலையோடு சேர்த்து, நெடுங்காலம் வழங்கிய நிலையான வட்டி முறையில், ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் 9 ஆண்டுத் தவணையில் வாங்கினால், வட்டி மட்டும் 810 ரிங்கிட் ஆகும். 3,810 ரிங்கிட் செலுத்தி முடிப்பதற்குள் நிலநடுக்கோட்டு வெயிலில் அவ்வொப்பனை வெளுத்து உரியத் தொடங்கியிருக்கும்.

உள்ளமைப்பின் தரமும் இவ்வாறே காலத்தால் அறியப்படுவது. காட்சிக்கூடத்தின் குளிரறையில் எல்லா முகப்புப் பலகையும் அழகாகவே தோன்றும். ஐந்தாறு ஆண்டுகள் வெயிலில் நின்றபின் எது வெடித்தது, எது கிறீச்சிட்டது, எந்த இருக்கையின் பஞ்சு அமுங்கியது என்பதே உண்மையான தேர்வு. புரோட்டோன் வண்டிகளின் மின்விசைக் கண்ணாடிகள் பழுதாவது ஒரு காலத்தில் நாடெங்கும் நகைப்புக்குரிய பேச்சாயிற்று. கையால் சுற்றும் கண்ணாடிக்குப் பதிலாகப் பெருமையுடன் வந்த வசதியே மழைக்காலத்தில் பாதியில் நின்று பகை செய்தது. நிலைக்காத வசதி வசதியாகாது.

வாரிலிருந்து காற்றுப்பை வரை

இன்று அடிப்படை எனக் கருதப்படுபவை பலவும் முன்னர்க் கூடுதல் வசதிகளாக இருந்தவையே. மூன்று முனைகளில் உடலைப் பிணிக்கும் இருக்கை வாரை 1959இல் வோல்வோ நிறுவனத்திற்காக நீல்ஸ் போலின் வடிவமைத்தார். அந்நிறுவனம் அதன் உரிமையைப் பூட்டிவைக்காமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டது. ஆயினும் சட்டம் வலியுறுத்தும் வரை வாரைப் பூண்டவர் குறைவு. மலேசியாவில் முன்னிருக்கைக்கு 1979இலும், பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1ஆம் நாளிலும் அது கட்டாயமாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே 30 ஆண்டுகள்! பிள்ளைகளும் பாட்டிமாரும் அமர்வது பெரும்பாலும் பின்னிருக்கையிலேயே என்பதை எண்ணினால் அத்தாமதத்தின் பொருள் புலப்படும்.

காற்றுப்பையின் கதையும் இத்தகையதே. வெளிநாட்டிற்கு ஏற்றுமதியாகும் மலேசிய வண்டிகளில் இருக்கும் பாதுகாப்பு, அதே வண்டியை உள்நாட்டில் வாங்குவோர்க்கு இல்லையே என்ற மனக்குறை நெடுநாள் நிலவியது. 2011இல் ஆசியான் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் நிறுவப்பட்டு, 2013 ஜனவரியில் அதன் முதல் முடிவுகள் வெளிவந்தன. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பில் மோதவிட்டு விண்மீன்களால் மதிப்பிடும் முறை அது. ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்ட வண்டி, பாதுகாப்புப் பொருள்களின் வேறுபாட்டால் வகைக்கு வகை வேறு மதிப்பெண் பெறக்கூடும் என்பதை மக்கள் அப்போது கண்கூடாகக் கண்டனர். சறுக்கலைத் தடுத்து வண்டியை நிலைநிறுத்தும் மின்னணு முறை, புதிய மாதிரிகளுக்கு 2018 ஜூன் முதல் மலேசியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

மைவியின் பாடம்

2005இல் அறிமுகமாகி நாட்டின் சாலைகளை நிறைத்த பெரோடுவா மைவி இம்மாற்றத்தின் அளவுகோலாகும். பந்தய வண்டியன்று எனினும், அதன் 1.5 லிட்டர் வகை இளைஞர் கையில் எளியவரின் விரைவுவண்டியாகவே விளங்கியது. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் விலை 44,300 ரிங்கிட்டில் தொடங்கி 55,300 ரிங்கிட் வரை சென்றது. எல்லா வகைக்கும் குறைந்தது 4 காற்றுப்பைகளும் நிலைகாப்பு முறையும் கிடைத்தன. முன்னிருக்கையின் முதுகில், கட்டி வாங்கிய தே தாரிக் பையை மாட்டுவதற்கென்றே சிறு கொக்கிகள் அமைந்தன. மண்ணின் வாழ்க்கையை அறிந்தவர் செய்த உள்ளமைப்பு அது. விலை சிறிது, பயன் பெரிது.

எனினும் மோதலுக்கு முன் தானே தடையை அழுத்தும் கருவி, அன்று உச்ச வகைக்கு மட்டுமே வழங்கப்பட்டது. 2021இல் புதுக்கப்பட்டபோது அக்கருவி, நடந்து செல்வோரையும் கண்டறியும் திறனுடன், ஏனைய வகைகளுக்கும் பரவியது. அப்போதும் அடிமட்ட வகையில் அது இல்லாத வண்டி ஒன்று விற்பனைப் பட்டியலில் நீடித்தது. சில ஆயிரம் ரிங்கிட் மிச்சம் பிடிக்க எண்ணுபவர், பெரும்பாலும் முதன்முதலாக வண்டி வாங்கும் எளியவரே ஆவார். பாதுகாப்பு தேவைப்படுவோரும் அவரே.

வாங்குபவர் மட்டுமன்று, வீதியில் நடப்பவரும் இதில் உட்படுகின்றார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் உள்ளது. துன் சம்பந்தன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் வெள்ளைக் கோலைத் தட்டியபடி கடப்போர் அன்றாடம் பலர். எதிர்வரும் வண்டியின் சக்கரம் பளபளப்பதை அவர்கள் காணார். இருக்கை தோலா துணியா என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி. அவ்வண்டி உரிய நேரத்தில் நிற்குமா என்பதொன்றே அவர்களுக்கு உயிர்ச்செய்தி. இன்னொருவர் பட்டியலில் குறியிட மறந்த கூடுதல் வசதி, இவர்களுக்கு அடிப்படைத் தேவையாகிவிடுகின்றது.

அணியிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர், பொருளில்லாச் செய்யுளுக்கு அணி அழகு செய்யாது என்பதை மாணவர்க்கு உணர்த்துவார். ஊர்திக்கும் அவ்விலக்கணம் பொருந்தும். அணி வேண்டா என்பதன்று. கட்டம் போட்ட துணியும் பந்துத் தலைக் கியரும் தந்த இன்பம் உண்மையான இன்பமே. வரிசை மாறலாகாது என்பதே கருத்து. முதலில் வண்டியின் உறுதி, அடுத்து உள்ளிருப்போர்க்கும் வெளியில் நடப்போர்க்கும் காப்பு, அதன்பின் நிலைத்து உழைக்கும் உள்ளமைப்பு, இறுதியில் ஒப்பனை. இவ்வரிசையில் கேள்வி கேட்கும் மக்கள் பெருகப் பெருக, நிறுவனங்களின் பட்டியலும் அவ்வரிசைக்கு வந்தே தீரும்.