பலேடியமும் நூறு கோடி டொலரும்

மோட்டார் வாகனத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் இரும்பையும் இறப்பரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். ஒரு வாகனத்தில் சில கிராம் மட்டுமே இருக்கும் பலேடியத்தைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவர். ஆனால் ஃபோர்ட் கம்பனியின் கணக்கில் நூறு கோடி டொலர் ஓட்டை விழக் காரணமாயிருந்தது இந்த உலோகமே.

அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தூய வளிச் சட்டத்தின் விளைவாக, 1975இல் இருந்து அங்கு வாகனப் புகைக்குழாய்களில் கற்றலிற்றிக் கொன்வேட்டர் பொருத்தப்படலாயிற்று. நச்சு வாயுக்களை மாற்றும் ஊக்கியாக முதலில் பிளாற்றினமே பெரிதும் பயன்பட்டது. ஈயம் அந்த ஊக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமற்ற பெற்றோலும் கூடவே வந்தது. (இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது.) எரிபொருள் மேலும் தூய்மையானதும், 1990களில் பொறியியலாளர்கள் பலேடியத்தின் பக்கம் திரும்பினர். 1992இல் அதன் விலை அவுன்ஸ் ஒன்றுக்கு நூறு டொலருக்கும் குறைவு.

உலக வழங்கலில் அரைப்பங்குக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. ஸ்டாலின் காலத்துக் கைதிகள் துருவப் பனியில் எழுப்பிய நொறில்ஸ்க் நகரில், நிக்கலும் செம்பும் அகழும்போது கிடைக்கும் உபபொருள் அது. ஆகவே விலை ஏறினாலும் உற்பத்தியை நினைத்தவுடன் பெருக்க இயலாது. 1997இல் மொஸ்கோவின் ஏற்றுமதி தாமதமாகத் தொடங்கியது. 2001 ஜனவரியில் விலை ஆயிரம் டொலரைத் தாண்டியது.

தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய ஃபோர்ட்டின் கொள்வனவுப் பிரிவு, ஏறிய விலையில் வாங்கிக் குவித்தது. அதே கம்பனியின் ஆய்வுகூடத்திலோ, பலேடியத்தின் தேவையை ஏறத்தாழப் பாதியாக்கும் வழியைக் கண்டுகொண்டிருந்தார்கள்! விலை அபாயத்தை ஈடுசெய்யும் முன்பேர ஒப்பந்தங்களில் பழக்கப்பட்ட நிதிப் பிரிவினரும் இந்தக் கொள்வனவில் சேர்க்கப்படவில்லை. ஒரே கூரையின் கீழ் மூன்று அறைகள். இடையில் பேச்சில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. ஏனைய உற்பத்தியாளர்களும் சிக்கனம் பிடிக்க, அவ்வாண்டு முடியுமுன் விலை பாதிக்கும் கீழே போயிற்று.

2002 ஜனவரியில் ஃபோர்ட் நூறு கோடி டொலரைக் கணக்கிலிருந்து கழித்தது. ஐந்து தொழிற்சாலைகளை மூடி, 35,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததும் அதே மாதத்தில்தான். வெளிநாட்டுச் செய்தி மேசையில் நான் இருந்த காலம். 35,000 என்ற எண் தலைப்பாயிற்று. பலேடியம் கடைசிப் பந்தியில் நின்றது. வேலை நீக்கங்களுக்கு உலோகத்தை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமன்று. விற்பனைச் சரிவும் ரயர் விவகாரமும் முன்பே கம்பனியை வாட்டியிருந்தன.

அமெரிக்காவிலும் பலேடியம் உண்டு, மொன்டானா மாநிலத்தின் ஸ்டில்வோட்டர் சுரங்கத்தில். விலை வீழ்ந்தபின், 2003இல் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது வேறு யாருமல்ல, நொறில்ஸ்க் நிக்கல் கம்பனியே. விலையின் பெரும்பகுதியைப் பணமாக அன்றிப் பலேடியமாகவே செலுத்தியது! 2010இல் அது விலகியது. 2017இல் தென்னாபிரிக்காவின் சிபான்யே 220 கோடி டொலர் கொடுத்துச் சுரங்கத்தை வாங்கியது. முதலில் அந்த முதலீடு பொன்னாய்த் தெரிந்தது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபின், 2022 மார்ச்சில் விலை 3,000 டொலரைத் தாண்டிற்று. மின்சார வாகனத்துக்குப் புகைக்குழாயே இல்லையே என்ற எண்ணமும் பரவ, 2024இல் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு மொன்டானாவில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். கம்பனி காரணம் காட்டியது, மலிவாக வந்திறங்கிய ரஷ்யப் பலேடியத்தை.