தொப்புளில் தொடங்கி வலது பக்கம் இறங்கும் வலி.. 'கேஸ்'னு விட்டுடலாமா?

குடல்வால் இருப்பது வயிற்றின் வலது கீழ்ப்பக்கம். ஆனால் அது வீங்கினால், பெரும்பாலும் முதலில் வலிப்பது தொப்புளைச் சுற்றித்தான். ஏன்?

குடல்வாலின் வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் 10-வது மார்புப் பகுதியில் சேர்கின்றன. தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் அங்கேதான் சேர்கின்றன. அதனால் மூளைக்கு இடம் சரியாகப் பிடிபடுவதில்லை. பலரும் 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்த சில மணி நேரங்களில், வயிற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சவ்வுக்கும் அழற்சி பரவும். தோலைப் போலவே வலிக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் நரம்புகள் இந்தச் சவ்வுக்கு உண்டு. அதனால் வலி வலது கீழ்ப்பக்கம் இறங்கி, ஒரே இடத்தில் நிற்கும். இருமினால், நடந்தால் கூடும். வலது இடுப்பெலும்பு முனையிலிருந்து தொப்புளை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது அந்த இடம். 1889-ல் இதைக் குறிப்பிட்டவர் நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் சார்லஸ் மெக்பர்னி.

கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு இந்த வரிசை மாறலாம்.

வலி திடீரெனக் குறைந்தாலும் நிம்மதி வேண்டாம். குடல்வால் வெடித்திருக்கவும் வாய்ப்புண்டு. வலி இடம் மாறினாலோ, வாந்தி, காய்ச்சல் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.