கடைவீடும் கணினியும்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையிலே காத்தோங் என்றோர் ஊர்ப்பகுதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தென்னந்தோட்டங்கள் இருந்தன. பின்னர் தோட்டங்கள் மனைகளாயின. கடைவீடுகள் வரிசையாக எழுந்தன. அதை ஒட்டிய ஜூ சியாட் வட்டாரம் 1993இல் பாதுகாப்புப் பகுதியாயிற்று. முகப்பைக் கெடுக்காமல் பழுதுபார்க்க வீட்டின் வரைபடம் வேண்டும்.

முன்பு வரைபடத்தை மையால் தாளில் வரைந்தார்கள். பெரிய திருத்தமென்றால் மீண்டும் வரைய வேண்டும். 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். 1982இல் ஆட்டோகேட் வந்தது. 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎப் கோப்பைத் தந்தது. எங்கே திறந்தாலும் மாறாமல் தெரிவது அதன் சிறப்பு. எளிதில் திருத்த முடியாமை அதன் குறை.

அதைத் திருத்தத்தக்கதாக மாற்றுவது எப்படி? கணினியிலே வரைந்த படமானால் கோடுகள் கோடுகளாகவே உள்ளே இருக்கும். அவற்றை மீட்கும் வசதி 2016இல் ஆட்டோகேட்டிலேயே வந்தது. பழைய தாளின் நகலோ வெறும் படம்; அதன்மேல் கோடு கோடாக வரைய வேண்டும்.

இரண்டிலும் அளவைச் சோதிப்பது அவசியம். 20 அடி என்று எழுதிய சுவர் திரையிலும் 20 அடி காட்ட வேண்டும். தாள் சுருங்கியிருந்தால் கணக்குப் பிசகும். உத்தரம் சுவரை எட்டாது. ஆகவே வீட்டையும் நாடா பிடித்து அளக்க வேண்டும்.

நம் லயன் அறைகளையும் நம் பிள்ளைகள் அளந்து வரைந்து பழகட்டும். இன்னோர் அறை வேண்டுமென்று நாம் கேட்கும்போது, அளவோடு கேட்கலாம் அல்லவா?