எச்.ஐ.வியிலிருந்து எய்ட்ஸுக்கு எவ்வளவு தூரம்?

எச்.ஐ.வி எண்டால் எய்ட்ஸ்தான் என்று பேசுவது எங்கட பக்கம் வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. எச்.ஐ.வி ஒரு வைரஸ். அது நோய் எதிர்ப்புக்குத் தேவையான சிடி4 கலங்களை மெல்ல மெல்ல அழிக்கிறது. ஒரு சுகதேகியின் குருதியில், மைக்ரோலீற்றருக்கு 500க்கு மேல் இந்தக் கலங்கள் இருக்கும். அது 200க்குக் கீழே இறங்கினால், அல்லது பலவீனமான உடலில் மட்டும் தலைதூக்கும் சில நோய்கள் பிடித்தால், அந்த நிலைதான் எய்ட்ஸ். மருந்தில்லாவிட்டால் அங்கே போய்ச்சேர சராசரியாகப் பத்து வருடம் எடுக்கும். ஆனால் சிலர் இரண்டு மூன்று வருடத்திலேயே போய்ச்சேர்ந்தார்கள். சிலர் இருபது வருடம் தாண்டியும் நல்லா இருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

ஒரு விடை சிட்னியில் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கொடையாளியின் குருதி பலருக்கு ஏற்றப்பட்டது. அவருக்கு எச்.ஐ.வி இருந்தது அப்போது எவருக்கும் தெரியாது. பிறகு தேடிப் பார்த்தபோது, வருடக்கணக்காகியும் அவருக்கும் எய்ட்ஸ் இல்லை, குருதி பெற்றவர்களுக்கும் இல்லை. 1995இல் காரணம் வெளியானது: அவர்களிடம் இருந்த வைரஸில் 'நெஃப்' என்ற மரபணுவின் ஒரு துண்டு இல்லை. வைரஸே ஊனமாக இருந்தது. அப்படியிருந்தும் சிலருக்குப் பிற்காலத்தில் சிடி4 குறையத்தான் செய்தது.

இன்னொரு விடை மனித உடலுக்குள் இருந்தது. வைரஸ் கலத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் ஒன்று சிசிஆர்5. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான சிசிஆர்5 மரபணு வந்தவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறது என்று 1996இல் கண்டார்கள். வயதும் ஒரு காரணம்: கூடிய வயதில் தொற்றினால் நோய் வேகமாக முற்றும். தாயிடமிருந்து தொற்றுப் பெற்ற குழந்தைகளுக்கு அதைவிட வேகம். காசநோயும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதெல்லாம் எங்கள் கையில் இல்லாதவை மாதிரித் தெரியும். ஆனால் அதே 1996 அளவில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்து கணக்கையே மாற்றிவிட்டது. பணக்கார நாடுகளில் எய்ட்ஸ் மரணங்கள் சடசடவென்று விழுந்தன. அதற்குப் பிறகு ஒருவருக்கு எய்ட்ஸ் வருமா என்பதை மரபணுவைவிட மருந்துதான் தீர்மானித்தது. அந்த மருந்து கிடைக்குமா என்பதை அரசியல் தீர்மானித்தது.

2000 ஜூலையில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. பிறக்கும்போதே தொற்றோடு பிறந்த 11 வயதுச் சிறுவன் ன்கோசி ஜோன்சன் மேடையேறி, கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏ.இசட்.ரி மருந்து கொடுங்கள் என்று அரசிடம் கேட்டான். அதே மாநாட்டில் ஜனாதிபதி தாபோ ம்பெக்கி வறுமையைப் பற்றிப் பேசினார். எல்லாப் பழியையும் ஒரு வைரஸ்மீது போட முடியாது என்றார்.

ம்பெக்கி சொன்னதில் பாதி உண்மை. பசியும் காசநோயும் நோயை வேகப்படுத்தும்தான். ஆனால் அந்தப் பாதி உண்மை, மருந்தைத் தள்ளிப்போடுவதற்கான சாட்டாகிவிட்டது. வறுமை காரணம் என்றால், ஏழைகளுக்கல்லவா முதலில் மருந்து போயிருக்க வேண்டும்?

ன்கோசி 2001 ஜூனில், 12 வயதில் இறந்தான். மருந்துக்காக வீதியில் இறங்கிய 'ரிரீட்மென்ட் அக்ஷன் கெம்பெயின்' இயக்கம் வழக்குப் போட்டது. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கொடுக்கும்படி 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இயக்கத்தின் ஸாக்கி அஹ்மத், தானே தொற்றுள்ளவராக இருந்தும், ஏழைகளுக்குக் கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம் என்று மருந்தை மறுத்து வந்தார். 2003இல்தான் எடுக்கத் தொடங்கினார். 2000 முதல் 2005 வரையான தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹாவர்ட் ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள்.

சிடி4 குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தொற்று உறுதியான உடனேயே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் பெரும்பாலானோர் எய்ட்ஸ் நிலைக்கே போவதில்லை. இலங்கையில் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனாலும் 'ஆர் பாப்பினமோ' என்ற பயத்தில் ஒருவர் அந்த வாசலுக்குப் போகாமல் இருந்தால், அவருடைய சிடி4 குறைந்துகொண்டேதான் போகும். அந்தப் பயத்தைக் கொடுப்பது வைரஸ் இல்லை, நாங்கள்தான்.