கெதர் வீரர் மங்கு ராம்

அமெரிக்காவின் மேற்குக் கரையிற் குடியேறிய இந்தியர்கள் தாயகத்தின் விடுதலைக்காக ஓர் இயக்கம் கண்டனர் என்பதை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளிற் கூறிச் செல்கின்றன. அவ்வியக்கத்திலே, தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய ஒருவர் உயிரைப் பணயம் வைத்து உழைத்த செய்தியோ பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அவரே மங்கு ராம். நம் சமுதாய இளைஞர்கள் அவரை அறிந்திருத்தல் வேண்டும்.

1886ஆம் ஆண்டு பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்து முகோவால் எனும் சிற்றூரில், சமார் வகுப்பில் அவர் பிறந்தார். தந்தையார் பதனிட்ட தோல் விற்றவர். ஆங்கிலத்தில் வரும் வணிகக் கடிதங்களைப் படித்துச் சொல்லுமாறு மேற்சாதியாரை அவர் நாட வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக ஒரு நாள் உடலுழைப்பைத் தர வேண்டும்! இந்நிலை தம்மோடு ஒழியட்டும் என்றே மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பள்ளியிலோ, வெளியே இருந்து பலகணி வழியாகப் பாடங் கேட்கும் நிலை. ஒருநாள் ஆலங்கட்டி மழைக்கு அஞ்சி உள்ளே நுழைந்த சிறுவனுக்கு ஆசிரியரின் அடியே கிடைத்தது.

1909இல் மங்கு ராம் கலிபோர்னியா சென்றார். தேவிகாபுரம் அடங்கிய பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து ஏழை மக்கள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியதை நாம் அறிவோம். பஞ்சாபியர் சென்ற வகை வேறு. நிலத்தை அடகு வைத்தும் கடன் பெற்றும் தாமே வழிச்செலவு தேடிச் சென்றனர். மங்கு ராம் பழத்தோட்டங்களிலும் சர்க்கரை ஆலையிலும் உழைத்தார்.

1913இல் அங்கு வாழ்ந்த இந்தியர்கள் சோகன் சிங் பக்னாவைத் தலைவராகவும் ஹர் தயாளைச் செயலாளராகவும் கொண்டு ஓர் அமைப்பை நிறுவினர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் சான்பிரான்சிஸ்கோவில் 'கெதர்' இதழ் வெளிவந்தது. கெதர் என்றால் கிளர்ச்சி. நாம் உடுத்தும் கதரோடு அதற்குத் தொடர்பில்லை. இதழின் பெயரே கட்சியின் பெயருமாயிற்று. அக்கட்சியில் சேர்ந்த மங்கு ராம், தோழர்கள் தம்மைச் சமமாக நடத்தியதைப் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

எனினும், அமெரிக்க மண்ணை மிதித்த அளவிலே சாதி உதிர்ந்துவிட்டது எனக் கருதலாகாது. கெதர் இயக்கத்தோடு தொடர்புடைய பகத் சிங் திந்த் என்பார் குடியுரிமை கோரிய வழக்கில், தாம் உயர்சாதி ஆரியர், ஆதலின் வெள்ளையரே என வாதிட்டார். 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

முதல் உலகப் போரின்போது செருமானியர் துணையுடன் இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பக் கெதர் கட்சி முயன்றது. 1915இல் 'மேவரிக்' கப்பலிற் செல்லத் தெரிந்தெடுக்கப்பட்ட ஐவருள் மங்கு ராமும் ஒருவர். ஆயுதம் ஏற்றிய மற்றொரு கலத்தை மேவரிக் சந்திக்க இயலாமையால் முயற்சி முறிந்தது. மங்கு ராம் பல இன்னல்களுக்குப் பின் மணிலாவை அடைந்து, அங்கே பல்லாண்டு மறைந்து வாழ்ந்தார். இறந்தார் என்றே ஊரார் நம்பினர்.

1925இல் இலங்கை வழியாகத் தாயகம் திரும்பியபோது அவர் கண்ட முதற் காட்சிகளுள் ஒன்று நம் தமிழகத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குச் சென்ற அவரிடம், தீண்டாதார் மேலே பட்டுவிடாமல் எச்சரிக்கையாக இருக்குமாறு சொன்னார்களாம். நல்லாடை அணிந்திருந்தமையால் அவரை யார் என எவரும் ஐயுறவில்லை. எந்த நாட்டின் விடுதலைக்காகத் தூக்குமரத்திற்கும் துணிந்தாரோ, அந்நாடு அவரை வரவேற்ற முறை இது.

வழியெங்கும் இதே இழிவைக் கண்ட அவர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த கெதர் தலைமைக்கு மடல் எழுதினார். இந்நாட்டுத் தீண்டாதாரின் விடுதலையே தமக்கு முதன்மையானது என்றும், அப்பணிக்குத் தம்மை விடுக்க வேண்டும் என்றும் கேட்டார். தலைமையும் இசைந்தது. கட்சியைத் துறந்து ஓடாமல், இதுவும் விடுதலைப் பணியே என அதனை ஒப்பவைத்த திறம் போற்றத்தக்கது.

ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, முகோவாலில் ஒரு பள்ளி தொடங்கியதே. 1926 சூனில் அவ்வூரிற் கூடிய மாநாட்டில் 'ஆதி தர்ம' இயக்கம் பிறந்தது. 'ஆதி' என்னும் அடைமொழி நமக்குப் புதிதன்று, எம். சி. ராஜாவின் முயற்சியால் 1922இலேயே சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்றிருந்தது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பஞ்சாபில் 4,18,789 பேர் தம்மை ஆதி தர்மிகள் எனப் பதிவு செய்தனர். 1946இல் மங்கு ராம் பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினரானார். 1980ஆம் ஆண்டு மறைந்தார்.