உள்வாங்கிய காம்பு: பாலுக்கா, வடிவத்துக்கா?

1797 ஆகஸ்ட் கடைசியில் லண்டனில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி அவள்தான். பிரசவத்துக்குப் பின் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்றார் மருத்துவர். மார்பில் சேர்ந்த பாலை இறக்க நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். சில நாள்களில் வுல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார்.

நமக்குத் திக்கென்று இருக்கும். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் இது தெரிந்த வைத்தியம்தான். காம்பு உள்ளே அமுங்கியிருந்தாலும் அதை வெளியே இழுக்க நாய்க்குட்டியைத் தேடியிருக்கிறார்கள். புட்டிப்பால் பாதுகாப்பாகக் கிடைக்காத காலம். காம்பு வெளியே வராவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் மார்பகத்தின் உடற்கூற்றைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மருத்துவ எழுத்தில் உள்வாங்கிய காம்பின் முதல் விவரிப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். பால்நாளங்கள் குட்டையாக இருக்கும். காம்பைக் கீழிருந்து தாங்கும் திசுவும் போதாது. அதனால் காம்பு உள்ளே இழுபட்டு நிற்கிறது.

இதற்குக் கத்தி எடுத்தவர்களில் முன்னோடி ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் கேரர். 1881இல் சிசேரியன் முறையைத் திருத்தியமைத்தவரும் இவரே. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தைத்தால், அந்த இழுப்பில் காம்பு வெளியே வரும் என்பது அவர் கணக்கு. நோக்கம் அழகு இல்லை, பால்.

20ஆம் நூற்றாண்டில் கத்தி பின்னுக்குப் போய், பொறுப்பு கர்ப்பிணியின் கைக்கு வந்தது. பிராவுக்குள் குவிந்த ஓடு வைத்துக்கொள், கட்டைவிரல்களால் காம்பின் இருபுறமும் இழுத்துப் பயிற்சி செய் என்றார்கள். இந்தப் பயிற்சியை ஹாஃப்மன் 1953இல் எழுதினார். பல பத்தாண்டுகள் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

1992இல் இங்கிலாந்தில் 96 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஓடு வைக்கச் சொல்லப்பட்டவர்களில் ஆறு வாரத்துக்குப் பிறகும் பால் கொடுத்தவர்கள் 29 விழுக்காடு, சொல்லப்படாதவர்களில் 50. பயிற்சியாலும் பலன் இல்லை. உதவ வந்த பொருளே தாய்ப்பாலைக் கைவிட வைத்திருக்கிறது! "உன் உடம்பில் குறை இருக்கு" என்று மாதக்கணக்கில் நினைவூட்டும் ஒன்றை உடையோடு அணிந்திருந்தால் வேறென்ன நடக்கும்? உண்மையில் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதில்லை, கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறது. காம்பு உள்வாங்கியிருந்தும் பால் கொடுத்த தாய்மார் ஏராளம்.

அடுத்த ஆண்டே கர்நாடகத்தின் தாவணகெரேயிலிருந்து ஓர் எளிய வழி வந்தது. பத்து மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனை அந்தப் பக்கமாகச் செருகி, வழவழப்பான மறுமுனையை மார்பில் வைத்து மெதுவாக இழுப்பது. விலை சில ரூபாய். இழுப்பதும் நிறுத்துவதும் தாயின் கையில்.

இதற்கிடையே அறுவை சிகிச்சை வேறு கதவு வழியாகத் திரும்பியது. இம்முறை அழைத்தது பிளாஸ்டிக் சர்ஜரி. 1999இல் கொரிய மருத்துவர்கள் ஹானும் ஹாங்கும் உள்வாங்கலை மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள்: இழுத்தால் வந்து நிற்பது, வந்து திரும்பிப்போவது, வருவதே மிகக் கடினமானது. முதல் இரண்டில் நாளங்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மூன்றாவதில் பல நேரம் அவற்றை வெட்டினால்தான் காம்பு நிமிரும். வெட்டினால் பால் வரும் வழி அடைபடலாம்.

கேரர் எதற்காகக் கத்தி எடுத்தாரோ, அதையே இன்றைய கத்தி பறிக்கக்கூடும். அதற்காக இதை வீண் ஆசை என்று ஒதுக்கவும் முடியாது. பிறர் முன் உடை மாற்றத் தயங்கி, கணவனிடம்கூட மறைத்து வாழும் பெண்ணின் கூச்சம் நிஜம். பால் கொடுப்பதற்கு மட்டுமா ஒரு மார்பு? ஆனால் எதைப் பெற எதை இழக்கிறோம் என்று மேசையில் படுப்பதற்கு முன் அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். இயல்பாக இருந்த காம்பு திடீரென்று உள்வாங்கினால் மட்டும் கதை வேறு. அது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாய்க்குட்டி, ஓடு, கட்டைவிரல், கத்தி என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று அவளைக் கேட்பதுதான் எப்போதும் கடைசியில் நின்றது.