கூட்டிய பஞ்சமம்

பள்ளியில் எங்களுக்கு ரூசோ என்றால் 'சமுதாய ஒப்பந்தம்' எழுதியவர், அவ்வளவுதான். அவர் 1768-இல் ஓர் இசை அகராதியும் வெளியிட்டார் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இசைச் சுவடிகளைக் காசுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைத்த மனிதர். காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அதனாலேயே அவர்மேல் ஒரு தனி ஒட்டுதல்.

அந்த அகராதியில், பியானோவுக்கு முந்திய கிளாவ்சேன் என்ற வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். சிக்கல் இதுதான்: தம்புராவில் கேட்கிறோமே, அந்தச் சுத்தமான ஸ–ப இடைவெளி, அதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயி மேலே ஸட்ஜத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காது. அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய கால் பங்கு மிஞ்சும். கட்டைகளோ ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான். மிஞ்சியதை எங்காவது கழித்தாக வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இது விளங்கும்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தர காந்தாரம் இனிக்க வேண்டும். அதற்காக முதல் சில பஞ்சமங்களைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் இப்படிக் கழிப்பது தேவைக்கு மேலே போய்விடுகிறது. பதினொரு பஞ்சமத்தையும் அதே அளவு குறைத்தால், பன்னிரண்டாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கி ஊளையிடும். ஐரோப்பாவில் அதற்குப் பெயரே 'ஓநாய்'. பிரெஞ்சுக்காரர்கள் அந்த வீக்கத்தை ஒரே இடத்தில் விடாமல் கடைசிப் பஞ்சமங்களுக்குப் பங்கிட்டார்கள். சுத்தமான அளவுக்கும் மேலே கூட்டிய பஞ்சமங்கள்! குறைப்பது எங்கும் உண்டு. கூட்டுவதுதான் விநோதம்.

விளைவு என்ன? 'தொ' மழோர் தேனாக ஒலிக்கும். 'சி பெமோல்', 'மி பெமோல்' பக்கம் போனால் இருளும் கரகரப்பும் வந்துவிடும். அதைக் குறையாக ரூசோ கருதவில்லை. அழுத்தமான உணர்ச்சி வேண்டும்போது சாகித்தியகர்த்தா எடுத்துக்கொள்ளும் சரக்கு அது என்றார்.

ராமோவும் 1726-இல் இந்தக் கட்சிதான். 1737-இல் மாறிவிட்டார். பன்னிரண்டு பஞ்சமங்களையும் சமமாக, மிகச் சிறிதளவு குறைத்தால் போதும், எல்லா சுருதியும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்றார். ரூசோ ஒப்பவில்லை. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. 1745-இல் ரூசோவின் ஒப்பேராவை ராமோ பலர் முன்னிலையில் மட்டம் தட்டியிருந்தார்.

பின்னாளில் உலகம் ராமோவின் சமப் பங்கீட்டைத்தான் எடுத்துக்கொண்டது. நம் ஆர்மோனியப் பெட்டியும் பெரும்பாலும் அதே கணக்குத்தான். எந்தக் கட்டையிலும் பாடலாம், வசதி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு ரூசோவுக்கு. அவருக்கும் முன்பே, 1690 வாக்கில், ஷார்பாந்தியே என்ற இசையமைப்பாளர் சுருதிகளின் குணங்களைப் பட்டியல் போட்டு வைத்தார். 'மி பெமோல்' மழோருக்கு நேரே, குரூரமானது, கடினமானது என்று குறித்திருக்கிறார். இன்றைய பியானோவில் அதை வாசித்துப் பாருங்கள். 'ரெ' மழோருக்கு அரை ஸ்வரம் மேலே கேட்கும், அவ்வளவுதான்.